அப்பா விரல் வைத்த படங்கள்

மகன்,

உனக்குப் போன் அடிப்பதை நான் நிறுத்திவிட்டேன். எடுக்க மாட்டாய் என்று தெரிந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தால், அது கதைப்பதற்காக அடிப்பது ஆகாது. "எழுது அக்கா. எழுத்தெண்டா எப்பவாவது எடுத்து வாசிப்பான்" என்று உன் சித்திதான் சொன்னாள். இப்போது அவளோடுதான் ஒஷாவாவில் இருக்கிறேன். அவள் வேலைக்குப் போன பிறகு சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்று தெரியும். சனிக்கிழமை வகுப்பில் அழுதழுது நீ படித்த எழுத்துகள்தான், மெதுவாக வாசி. ஆங்கிலத்தில் எழுதினால் எனக்குச் சரியான சொல் வராது. பிழையான சொல் ஒன்று வந்து உன்னை இன்னும் தூரமாக்கிவிடும்.

அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நாம் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். ஆட்கள் வரிசையில் வந்து கை தந்துகொண்டிருந்தார்கள். நீ என் தோளில் கை வைத்து, காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னாய்: "ஒரு கலண்டரை வச்சு டிசைட் பண்ணிப்போட்டீங்கள், அம்மா. ஒரு கலண்டர். ரெண்டு மணித்தியாலம் பொறுத்திருந்தா நான் வந்திருப்பன்." நீ சத்தமாகச் சொல்லவில்லை. அதனால் வரிசையில் நின்ற ஒரு அன்ரி, நீ என்னைத் தேற்றுகிறாய் என்று நினைத்து, "மகன் எவ்வளவு பட்சமாயிருக்கிறார்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தா. நானும் தலையாட்டினேன். அதன் பிறகு நீ கல்கரிக்குப் போனாய். அதோடு உன் குரலை நான் கேட்கவில்லை.

நீ சொன்னது பொய் இல்லை. கலண்டரை வைத்துத்தான் முடிவெடுத்தேன். ஆனால் அது என்ன கலண்டர், அதை வைத்து அப்பா என்ன செய்தார் என்பதை நீ முழுதாக அறிய மாட்டாய். ஒவ்வொரு தடவையும் சில நாட்கள்தான் வந்து நின்றாய். அதற்காகக் குறை சொல்லவில்லை. உன் வேலை அப்படி. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

உன் அப்பா பேச்சால் வாழ்ந்தவர். பேக்கரி லொறி ஓட்டியது சம்பளத்துக்கு. ஆனால் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் அவரை அறிந்தது மைக்கோடுதான். கோயிலில் பூசை முடிந்ததும் அறிவித்தல் வாசிப்பது அவர். கலியாண வீட்டில் ஆட்களைச் சிரிக்க வைப்பது அவர். யாராவது செத்தாலும், செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் செத்தபோது அதைச் சொல்ல ஆள் இல்லாமல் போனதை நீயும் பார்த்தாய்தானே. ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டு கராஜில் குளிர்கால டயர் மாற்றிக்கொண்டிருந்தவர் உள்ளே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மற்றது" என்றார். என்ன மற்றது என்று கேட்டேன். "மற்றது, மற்றது" என்றார். வலது பக்க முகம் தொங்கியதைப் பிறகுதான் கண்டேன். அந்த ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். அறிவித்தல் வாசிக்கும்போது ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் போடுவாரே, அந்த "மற்றது." தண்ணீர் கேட்கவும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். வலது கை விழுந்துவிட்டது. விழுங்க முடியாது என்று வயிற்றில் குழாய் வைத்து, பாலைப் போல ஒன்றை அதற்குள் விட்டார்கள்.

மறுவாழ்வு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை ஒரு மட்டை கொண்டு வந்தாள். குழந்தைகளின் புத்தகத்தில் வருவது போல, சிரிக்கிற கோப்பை, சிரிக்கிற கட்டில், அழுகிற முகம். வேண்டியதைத் தொட்டுக் காட்டச் சொன்னாள். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடக்கையால் எடுத்து, படம் தெரியாமல் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த நாளும் அப்படித்தான். "ஒத்துழைக்கவில்லை" என்று குறிப்பு எழுதினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அவருக்காக.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான ஜப்பானியர் இருந்தார். சின்ன வயதில், யுத்த காலத்தில், ஜப்பானியர் என்பதற்காக வன்கூவரில் இருந்து குடும்பத்தோடு முகாமுக்கு அனுப்பப்பட்டவராம். அவருடைய மகள் கேகோ தினமும் வருவாள், என் வயதுதான் இருக்கும். தகப்பனின் கட்டிலுக்கு எதிரே ஒரு கலண்டர் தொங்கவிட்டிருந்தாள். மாதத்துக்கு ஒரு படம், எல்லாம் பழைய காலத்து ஜப்பானிய அச்சுப் படங்கள். நடுவில் உள்ள திரையை விலக்கினால் அப்பாவுக்கும் அது தெரியும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கண்டு, கேகோ ஒருநாள் கழற்றி வந்து அவர் மடியில் வைத்தாள். மரப் பலகையில் செதுக்கி அச்சடித்தவை என்றாள். ஒருவர் வரைவாராம், ஒருவர் செதுக்குவாராம், இன்னொருவர் அச்சடிப்பாராம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. ஒரே தாளைத் திரும்பத் திரும்ப, இம்மியும் விலகாமல் வைத்து அழுத்த வேண்டுமாம். கார்த்திகை மாதப் படத்தில் சிவந்த மேப்பிள் இலை ஒன்றின் நிறம் கோட்டைத் தாண்டி நிற்பதை விரலால் காட்டினாள். "அந்தக் காலத்தில் இது மலிவான சாமான். சாதாரண ஆட்கள் வாங்கி வீட்டில் ஒட்டுவார்கள். எங்கள் வீட்டில் உண்மையான படம் ஒன்று இருந்தது. அப்பா வெயில் படுகிற இடத்தில் மாட்டிவிட்டார். நீலம் எல்லாம் போய்விட்டது" என்றாள்.

எனக்குப் படங்களைப் பற்றி என்ன தெரியும்? நம் வீட்டில் மாட்டியிருந்தவை எல்லாம் திருஇருதயமும் மாதாவும் அந்தோனியாரும்தான். அவர்கள் எல்லோரும் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கலண்டரில் இருந்தவர்கள் ஒருவரும் நம்மைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. மழையில் நீள உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். மழை வெறும் மெல்லிய கோடுகள்தான், ஆனால் பார்த்தால் நனைகிறது போலிருக்கும். நுளம்பு வலைக்குள் ஒரு பெண் தலைமுடியை அவிழ்க்கிறாள். மீன்காரன் காவடியை இறக்கி வைத்துவிட்டு மீன் வெட்டுகிறான். பூ மரத்தின் கீழ் பாய் விரித்துச் சாப்பிடுகிறார்கள். தை மாதத்தில் கூரைகளுக்கு மேல் பிள்ளைகளின் பட்டங்கள். மாசியில் பனி கொட்டுகிறது, ஒரு கடைக்காரன் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிக் கடையைச் சாத்துகிறான்.

அப்பா மழைப் படத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். "மற்றது" என்றார். எனக்கு விளங்கவில்லை. விரலால் கோடு கோடாகக் கீழ்நோக்கி இழுத்தார். பிறகு தன் இடுப்பைப் பார்த்தார். கேகோதான் முதலில் சிரித்தாள். சலம் போக வேண்டும் என்கிறார். மனுஷன் நோயில் விழுந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார், பாதி முகத்தால். கேகோவின் தகப்பன் அந்தக் கிழமையே இறந்துவிட்டார். அவள் உடுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கலண்டரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அதுதான் அவருடைய பாஷை, மகன். பராமரிப்பு இல்லத்துக்கு மாறியபோதும் கொண்டுபோனோம். வருடம் முடிந்தும் மாற்றவில்லை. நுளம்பு வலை என்றால் விளக்கை அணை. மேப்பிள் இலை என்றால் வெளியே கொண்டுபோ. மீன்காரன் என்றால் வாய்க்கு ருசியாக ஏதாவது. அதை அவர் தொடும்போதெல்லாம் நான் இல்லை என்று தலையாட்டுவேன், ஒரு சொட்டுக் குழம்பு நாக்கில் வைத்தாலும் நுரையீரலுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். பிறகு பிறகு அவர் அந்தப் பக்கத்தைத் திருப்புவதையே விட்டுவிட்டார். பட்டங்கள் நீ. பார்க்டேலில் இருந்த காலத்தில் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் உனக்குப் பட்டம் ஏற்றித் தருவாரே, அதனால் இருக்கலாம், எனக்கு நிச்சயமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் போன் வருகிற நேரத்துக்கு அந்தப் பக்கம் திறந்திருக்கும். நீ வந்து நின்ற ஒரு நாள் அவர் அதைத் தொட்டுக் காட்ட, பக்கத்தைத் திருப்பச் சொல்கிறார் என்று நினைத்து நீ திருப்பிவிட்டாய்.

கடையைச் சாத்துகிற மாசிப் படம், போதும் என்பதற்கு. ஜெபக்குழு அண்ணை ஒருவர் வருவார், கையைப் பிடித்துக்கொண்டு செபம் தொடங்கினால் முடிக்க மாட்டார். அப்பா மற்றக் கையால் மெல்லப் பக்கங்களைத் தள்ளி, மாசிப் படத்தின் மேல் உள்ளங்கையை வைப்பார். மற்றப் படங்களுக்கெல்லாம் ஒரு விரல்தான். இதற்கு மட்டும் முழுக் கை. "அண்ணை, இவருக்கு நித்திரை வருது போல" என்பேன். உடற்பயிற்சி செய்ய வைக்கிறவளுக்கும் அப்படித்தான். ஒருமுறை நான் அவர் பக்கத்தில் இருந்து ஊர்ப்பட்ட கவலையைச் சொல்லி அழுதபோது எனக்கும் அதே கை. உள்ளங்கையை வைத்தால் அதற்குப் பிறகு மனம் மாறியதே இல்லை.

நிமோனியா வரத் தொடங்கியது. வயிற்றில் விடுகிற பால் மேலே ஏறி நுரையீரலுக்குள் போகிறது என்றார்கள். காய்ச்சல், அம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, திரும்ப இல்லம். போய் வரும் ஒவ்வொரு முறையும் அவர் பாதியாகத் திரும்பி வந்தார். கடைசி முறை ஆஸ்பத்திரியில், குழாயை இழுக்கிறார் என்று இடக்கைக்குத் தடித்த கையுறை ஒன்றைப் போட்டு மணிக்கட்டில் கட்டிவிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. குழாய் கழன்றால் ஆபத்து. ஆனால் அந்தக் கை ஒன்றுதான் அவருக்கு வாய். கலண்டரை மடியில் விரித்து வைத்தேன். கையுறையோடு பக்கத்தைத் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. பிறகு அந்தக் கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டபோது, கூட இருந்து பார்த்துக்கொண்டால் கழற்றலாம் என்றார்கள். வீட்டுக்குப் போகாமல் இருந்து பார்த்துக்கொண்டேன். இதை உனக்குப் போனில் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருந்தால் "ஓகே அம்மா, டேக் கெயார்" என்றிருப்பாய், வேறு என்னதான் சொல்வாய்.

இல்லத்து டொக்டர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த முறை வந்தால் மூச்சுக்கு மெசின் போட வேண்டி வரும், போட்டால் அதிலிருந்து எடுக்க முடியுமா தெரியாது என்றார். போட வேண்டாம் என்றால் இங்கேயே வைத்து நோகாமல் பார்க்கலாம், வயிற்றில் பால் விடுவதையும் நிறுத்தலாம். நான் உனக்கு அடித்தேன். "எல்லாம் செய்யச் சொல்லுங்கோ, அம்மா. எவ்ரிதிங். எனக்கு அப்பா வேணும்" என்றாய். சரி என்றேன். அடுத்த நாள் காலை டொக்டரிடமும் அதையே சொன்னேன். அவர், "அவரைக் கேட்காமல் உங்கள் பதிலை எடுக்க முடியாது. அவருக்குப் பேச்சுத்தான் இல்லை, விளக்கம் இருக்கிறது" என்றார். பேச்சுப் பயிற்சிப் பெண் ஒருத்தியையும் கூப்பிட்டிருந்தார். அப்பாவின் தலையாட்டலை நம்ப முடியாது, ஓம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரி ஆட்டுவார். ஆகவே நீங்களே தமிழில் கேளுங்கள், அவர் தன் படங்களால் சொல்லட்டும் என்றாள்.

கட்டிலைத் தூக்கி அவரை நிமிர்த்தினார்கள். "இஞ்சாருங்கோ" என்றேன். "இனியும் சளிக்காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூச்சுக்கு மெசின் போடுவினம். இல்லையெண்டா இஞ்சையே வச்சு நோகாமப் பாப்பினம்." அதோடு நிறுத்தினேன். மிச்சத்தையும் சொல்லாவிட்டால் கேட்டதாக ஆகாது என்றாள் அந்தப் பெண். "இஞ்சை வச்சா, பிழைக்கமாட்டியள்" என்றேன். "உங்களுக்கு எது வேணும்?"

அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலண்டரைப் பார்க்கவே மாட்டார் போலிருந்தது. பிறகு இடக்கையால் தள்ளத் தொடங்கினார். பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. நான் உதவி செய்யப் போக, அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நுளம்பு வலை போனது. மழை போனது. பூ மரம் போனது. பனியில் கடைக்காரன் பலகை செருகும் படம் வந்ததும் உள்ளங்கையை வைத்தார். அந்தப் பெண் கலண்டரை மூடி, வேறொரு பக்கத்தில் திறந்து திரும்பக் கொடுத்து, கேள்வியைத் தலைகீழாகக் கேட்கச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதைப் பற்றி முதலில் சொல்லி, மெசினைக் கடைசியில் சொன்னேன். திரும்பவும் தேடிப் பிடித்து அதே பக்கம், அதே கை. "போதுமோ?" என்று கேட்டேன். "இந்த வருத்தம் எல்லாம் போதுமெண்டு சொல்லுறியளோ?" கையை எடுக்கவில்லை. டொக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

இனி வருவதை நான் உனக்குச் சொன்னதில்லை. நாங்கள் எழும்பும்போது அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். முந்தின பக்கத்துக்குத் தள்ளினார். பட்டங்கள். விரலை வைத்து, "மற்றது" என்றார். எத்தனையோ மாதங்களாக அர்த்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்த சொல் அந்த ஒரு தடவை சரியான இடத்தில் விழுந்தது. அவருக்கு இரண்டும் வேண்டும். கடையைச் சாத்தவும் வேண்டும், அதற்கு முன்னால் உன்னைப் பார்க்கவும் வேண்டும்.

அன்று பின்னேரமே உனக்கு அடித்தேன். நீ கத்தினாய். "நான் வாற வரைக்கும் ஒண்டும் செய்யக்கூடாது, கேட்டதோ?" என்றாய். நான் ஓம் என்றேன். பால் விடுவதை நிறுத்தவில்லை, ஒன்றையும் மாற்றவில்லை. நீ விமானம் ஏறுவதற்கு முன்னமே காய்ச்சல் வந்துவிட்டது. காலையில் நான் போகும்போது மூச்சு கொதிக்கிற தண்ணீர் மாதிரிச் சத்தம் போட்டது. நர்ஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அம்புலன்ஸைக் கூப்பிடவா என்று கேட்டாள். மெசின் போட்டால் என் மகன் வரும்வரை தாங்குவாரா என்று டொக்டரிடம் கேட்டேன். தாங்கலாம், தாங்காமலும் போகலாம் என்றார்.

அந்த இடத்தில் நான் நின்றேன், மகன். இரண்டு பக்கத்திலும் அவர் கை இருந்தது. உனக்காக ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம். கையுறை போடுவார்கள், தொண்டைக்குள் குழாய் போடுவார்கள். நீ வந்து பார்க்கும்போது மயக்கத்தில் இருக்கிற ஒருவரைப் பார்த்திருப்பாய். ஆனால் உயிரோடு பார்த்திருப்பாய். அதை உனக்கு இல்லாமல் செய்தது நான்தான், வேறு யாரும் இல்லை. வேண்டாம் என்று நர்ஸிடம் சொன்னேன். சூட்டுக்கு ஈரத்துணியும், மூச்சு முட்டாமல் இருக்க ஊசியும் போட்டார்கள். நீ வருகிறாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் கை என் கைக்குள் இருந்தது. பின்னேரம் உன் விமானம் இறங்குவதற்கு முன்னால் முடிந்துவிட்டது.

பட்டப் படத்தைப் பற்றி அன்றைக்கு நான் உன்னிடம் சொல்லவில்லை. உன்னைக் கேட்டார், நீ இல்லை என்று பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னால் அது உனக்கு அடி. இப்போது சொல்வதும் அடிதான். ஆனால் அப்பா உன்னை மறந்து போனார் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதைவிட இது பரவாயில்லை என்று படுகிறது. நான் செய்தது சரியா என்று சித்தி என்னிடம் கேட்டதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். பாவம் இல்லை என்றார். அது எனக்கு உதவவில்லை. சில முடிவுகளுக்குச் சரியான பக்கம் என்று ஒன்று இருக்காது. இருக்கும் என்று நினைத்து ஒருவரைத் தண்டித்துக்கொண்டிருக்காதே. என்னைச் சொல்லவில்லை, உன்னைத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் கொஞ்ச நேரம் கதைத்திருக்கலாம் என்று நீ உன்னையே பிடுங்கிக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. என்னுடைய சிறுநீரகம் இரண்டும் வேலையை விடப் பார்க்கின்றன. டயாலிசிஸ் தொடங்கப் போகிறார்கள். பயப்படாதே, இப்போதைக்கு நடக்கிறேன், சமைக்கிறேன், வாயும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் போன கிழமை கிளினிக்கில், எனக்குச் சொல்ல முடியாமல் போனால் எனக்காக முடிவெடுப்பது யார் என்று கேட்டார்கள். சித்தி பக்கத்தில் இருந்தாள். "என்னைப் போடு அக்கா, அவன் எங்கையோ கிடக்கிறான், உன்னோட கதைக்கிறதும் இல்லை" என்றாள். நான் உன் பெயரைச் சொன்னேன்.

பழி வாங்குவதற்காகச் சொல்லவில்லை. என் உயிருக்காக என்னோடே சண்டை பிடிக்கக்கூடிய ஆள் நீ ஒருவன்தான். சித்தி நான் சொன்னபடி செய்வாள், நீ கேள்வி கேட்பாய். எனக்குக் கேள்வி கேட்கிற ஆள் வேண்டும். அதனால் ஒரு தடவை வா. கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை. இந்த மேசையில் இரு. மெசின் வேண்டுமா, குழாய் வேண்டுமா, எவ்வளவு காலத்துக்கு, எது வந்தால் போதும் என்று ஒவ்வொன்றாகக் கேள். படம் எதுவும் தேவையில்லை, என் வாயாலேயே பதில் சொல்கிறேன். பிறகு ஒருநாள் ஒரு நர்ஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைப் பார்ப்பாள். எல்லாம் செய்யுங்கோ என்று சொல்வதாக இருந்தாலும் சொல்லு. நான் கோபிக்க மாட்டேன். ஆனால் என்னைக் கேட்ட பிறகு சொல்லு.

அம்மா